மூடினவர் கை எடுத்த இடம்

பிஸ்கட் பாக்கெட்டைக்கூட அண்ணி கிழித்ததில்லை. மேசையில் வைத்து ஒரு புரட்டு, இன்னொரு புரட்டு. ஒட்டியிருக்கும் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் வருடிக்கொண்டே போவார். எங்கோ ஓரிடத்தில் நகம் நிற்கும். அங்கே மெல்ல நெம்பினால் பாக்கெட் சொன்ன பேச்சைக் கேட்டு வாயைத் திறக்கும். அதற்குள் எங்கள் டீ ஆறிப்போயிருக்கும். "இவ பிரிச்சுக் குடுக்கறதுக்குள்ள பசியே செத்துடும்" என்பார் அண்ணன். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. காலி உறையை நீவி மடித்து இழுப்பறைக்குள் வைப்பார்.

பெரிய கடையொன்றின் கீழ்த்தளத்தில் பரிசுப்பொருள்களுக்குக் காகிதம் சுற்றித் தருவது அண்ணியின் வேலை. கத்தரித்த டேப் துண்டுகள் இடது கை விரல் நுனிகளில் வரிசையாகத் தொங்கும். வீட்டுக்கு வந்த பிறகும் முழங்கையில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பந்து, பானை, குதிரை பொம்மை, எதைக் கொடுத்தாலும் சுற்றிவிடுவார். குடையைக் கொண்டுவந்தால் மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கும். ஒவ்வொரு பொட்டலத்திலும் கடைசி டேப்பின் நுனியை உள்ளே ஒரு மடிப்பு மடித்துவிடுவது அவர் வழக்கம். பிரிக்கிறவருடைய விரலுக்கு ஒரு பிடி கிடைக்க வேண்டுமாம். டேப் வீணாகிறது என்று கடை மேலாளர் ஒருமுறை முணுமுணுத்தார். "பரிசு வாங்கினவங்க கத்தியைத் தேடி ஓடணுமா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பொட்டலத்திலும் மடித்தார்.

பகலெல்லாம் மூடுகிறவருக்கு வீட்டில் திறந்தால்தான் கை சும்மா இருக்கும் போலிருக்கிறது. ரிமோட், இஸ்திரிப் பெட்டி, என் கைக்கடிகாரம் எதுவும் தப்பியதில்லை. எல்லாம் ஜெயித்துவிட்டது என்று சொன்னால் பொய். அண்ணி கை வைத்த சுவர்க்கடிகாரம் அன்றிலிருந்து ஓட்டப் பந்தயத்தில் இருக்கிறது. "நம்ம வீட்டுல முன்னேறினது அது ஒண்ணுதான்" என்பார் அண்ணன். ஆனால் அண்ணியிடம் ஒரு சித்தாந்தம் உண்டு. "எதை மூடினாலும், மூடினவங்க கடைசியா ஒரு இடத்துல கையை எடுத்துத்தானே ஆகணும் தம்பி? அந்த இடத்தைக் கண்டுபிடிச்சாப் போதும்." கழற்றத் தெரியாமல் உடைத்தே பழகிய எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டு டீச்சர் செத்த முகத்தோடு இறங்கி வந்தார். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லித் தருகிறவர். கையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்.

"கீழ விழுந்துடுச்சுக்கா. லேப்டாப்புல போட்டா லைட்டே எரியலை."

அந்த டிஸ்க்குக்குள் அவரிடம் வரும் ஒவ்வொரு குழந்தையின் முதல் நாள் வீடியோவும் இருக்கிறது. அவர்களில் ஒரு சிறுமியின் அம்மா, ஒரு முன்னேற்றமும் இல்லை, திங்கட்கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"தினமும் கூடவே இருக்காங்கல்ல, அதான் வித்தியாசம் தெரியலை. மொத நாள் அவ எப்படி இருந்தான்னு காட்டினா நிறுத்த மாட்டாங்க. அந்த வீடியோ இதுல மட்டும்தான்க்கா இருக்கு." டீச்சர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடையில கேட்டேன். ஒரு வாரம் ஆகுமாம்."

அண்ணி அதை வாங்கிக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார். ஒயர் சொருகும் துளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வாய்தான் ஆடுது. வயித்துல ஒண்ணும் ஆகலைன்னு நினைக்கிறேன். ஆனா டீச்சர், சிலதுல வாயையும் வயித்தையும் ஒண்ணாவே செஞ்சிருப்பாங்க. அப்படி இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தெறக்கவா?"

டீச்சர் தலையாட்டினார்.

சாப்பாட்டு மேசையில் துண்டை மடித்து விரித்தாயிற்று. காலாவதியான பழைய பிளாஸ்டிக் கார்டுகள், புருவம் திருத்தும் சாமணம், மூக்குக்கண்ணாடிக்கான குட்டி ஸ்க்ரூ டிரைவர், திருகாணிகளைப் போட்டுவைக்க ஒரு ஜாடி மூடி. அண்ணன் ஆர்வக்கோளாறில் காய் நறுக்கும் கத்தியை நீட்டினார். "பதறாத காரியம் சிதறாதுங்க. அதை உள்ளே வைங்க." பிறகு அண்ணி போய்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்தார். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் இந்த மாதிரி சாமானைத் தொட வேண்டுமாம். "அப்படியே கோபத்தையும் அங்கேயே இறக்கிட்டு வந்தா நல்லாருக்கும்" என்றார் அண்ணன்.

நகம் விளிம்பு நெடுகச் சுற்றி வந்தது. எங்கும் நிற்கவில்லை. மறுபடி சுற்றியது. டீச்சர் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "நான் மூடியிருந்தா எங்க கையை எடுத்திருப்பேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நகம் ஒயர்த் துளைக்குப் பக்கத்து மூலைக்குப் போய் நின்றது.

கார்டின் முனை உள்ளே போனது. 'டிக்.' டீச்சர் துள்ளிவிட்டார். "உடைஞ்சிருச்சாக்கா?"

"இல்லை. கொக்கி விட்டுக்கொடுக்குது."

திறந்த இடம் மறுபடி மூடிக்கொள்ளாதபடி அங்கே ஒரு கார்டைச் செருகிவைத்துவிட்டு, அடுத்த கார்டால் ஓரமாக நகர்ந்தார். டிக், டிக். மேல்மூடி கையோடு வந்தது. உள்ளே ரப்பர் மூலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளித் தகடு. அதன் தலைமாட்டில், ஒயர்த் துளையைச் சுமந்தபடி சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. ஒட்டியிருந்த பளபளப்புத் தாளைச் சாமணத்தால் உரித்துவிட்டுக் குனிந்து பார்த்த அண்ணியின் முகம் மலர்ந்தது.

"வாயும் வயிறும் தனித்தனிதான் டீச்சர்!"

பட்டையைத் தூக்கவில்லை. தூக்கினால் உள்ளே இருக்கும் பல் உடைந்துவிடுமாம். இழுப்பறையை இழுப்பதுபோல நேராக இழுத்தார். கழன்று வந்தது.

இப்போது வேறொரு வாய் வேண்டும். அண்ணி அலமாரியைத் திறந்தார். அது காலிப் பெட்டிகளின் ராஜ்யம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. அண்ணனின் பழைய ஹார்ட் டிஸ்க் அதிலிருந்து வந்தது. என்றோ வயிறு செத்துப்போனாலும் வாய் கெடாதது. அதுவும் அதே கம்பெனி. தூக்கிப் போடச் சொல்லி அண்ணன் சண்டை போட்ட சாமான். நகம் நேராக அந்த மூலைக்கே போனது. அதன் பட்டையைக் கழற்றி டீச்சருடைய தகட்டில் பொருத்தி, லேப்டாப்பில் சொருகினார்.

தகடு லேசாக உறுமியது. லைட் எரிந்தது.

டீச்சர் அந்தச் சிறுமியின் வீடியோவைத் திறந்தார். மஞ்சள் கவுன் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். டீச்சரின் குரல் கூப்பிடுகிறது, கை தட்டுகிறது. அவள் திரும்பவே இல்லை. உதடுகள் இறுகி மூடியிருக்கின்றன.

"இப்ப கூப்பிட்டா திரும்பறாக்கா. உதட்டைச் சேர்த்து 'ம்மா'ன்னு சொல்றா. சத்தம் சின்னதுதான். ஆனா சொல்றா."

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மொதல்ல எல்லாத்தையும் லேப்டாப்புல ஏத்துங்க. தம்பி, உன் பென் டிரைவ் ஒண்ணு குடு" என்றார். அந்த ஒரு வீடியோவை மட்டும் அதில் ஏற்றச் சொன்னார்.

"நாளைக்கு அவங்களுக்குக் காட்டிட்டு, இதை அவங்க கையிலயே குடுத்துடுங்க டீச்சர். வீட்டுல வச்சு எத்தனை தடவை வேணா பாக்கட்டும்."

இழுப்பறையிலிருந்து மடித்துவைத்த காகிதம் ஒன்று வெளியே வந்தது. விரல் நீளச் சாமானை அண்ணி கல்யாணப் பரிசுபோல மூலை பிசகாமல் சுற்றினார். கடைசி டேப்பை ஒட்டும்போது அதன் நுனியை உள்ளே ஒரு மடிப்பு மடித்துவிட்டார். அது பிடிக்கு வருகிறதா என்று கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை நெருடிப் பார்த்துவிட்டுத்தான், பொட்டலத்தை டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார்.