மழையில்லாமல் ஒழுகிய தகரக் கொட்டகை

மார்கழி பிறந்து ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் விடிந்து நான் பட்டறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த இடம் வேலைப் பலகை. பலகையின் மேல் ஊரான் ஆர்மோனியம். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது ஒரு நாடகக் கம்பெனியில் வாசிப்பவருடையது. வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் நாடகம். அதற்குள் பழைய துருத்தியைப் பிரித்துப் புதுத் தோல் ஒட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். "பெட்டி இல்லேன்னா வேற ஆள வச்சிருவாக தம்பி. எம் பொழப்பு உங்க கையில இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மெட்ரிக்குலேஷன் முடித்துவிட்டு, தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகப் பேனா பிடிக்க மாட்டேன், யந்திர வேலைதான் பழகுவேன் என்று வீட்டோடு மல்லுக்கட்டி, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எழுப்பிய பட்டறை அது. தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து, சாத்தூர் ரயிலடியில் இறங்கிய புதுத் தகரம் கூரைக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதித் தகரக்கடை ராவுத்தர் தாமே வந்து அடித்துக் கொடுத்தார். மேற்கு மலைப் பனி உள்ளே இறங்கிவிடக் கூடாதென்று சுவருக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளி முழுவதையும் நானே களிமண் வைத்து அடைத்தேன். ஓர் ஈ நுழையாது. அவ்வளவு கெட்டிக்காரன்!

வச்சிரம் பிடிக்கவே இல்லை. வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து உருக்கி, சூடு ஆறுமுன் தடவ வேண்டிய பசை அது. காய்கிறவரை ஈரம் ஆகாது. மாலையில் நான் ஒட்டிய மடிப்பு காலையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தோலில் பூஞ்சணம் வேறு. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். மறுபடி பிளந்தது.

முதலில் என் மதினி மேல் பாய்ந்தேன். தினமும் பட்டறைத் தரையைச் சாணி கரைத்து மெழுகிவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"இது பட்டறை மதினி, வீடில்ல! ஏன் ஈரத்தைக் கொண்டாந்து கொட்டுதீக?"

"மெழுகாமப் போட்டா மூதேவில்லா வந்து உக்காருவா. ஏற்கெனவே ஒரு ஆளு உள்ள உக்காந்துதான் இருக்காரு."

அந்தக் கோபத்தோடேயே செவ்வாய்க்கிழமை வண்டி பிடித்து ராவுத்தர் கடைக்குப் போனேன். மம்சாபுரத்து ஆட்கள் நாலு பேர் வாளி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டைத் தகரத்த எந் தலையில கட்டிட்டீரே ராவுத்தரே! இதுக்குப் பேரு யாவாரமா?"

வாளியைக் கையில் வைத்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் ராவுத்தர் எங்கள் கொல்லையில் வந்து நின்றார். மோர் கொடுத்தோம், வாங்கவில்லை.

"உள்ள வாரும். கதவச் சாத்தும்."

சாத்தினேன். அடுப்புத் தணலைத் தவிரக் கும்மிருட்டு.

"மேல பாரும். எங்கயாச்சும் வெளிச்சம் தெரியுதா?"

ஊசிமுனை அளவுகூடத் தெரியவில்லை.

"தண்ணி வார ஓட்டையில வெளிச்சம் வராதா தம்பி?"

"அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கத்தினேன்.

அவர் கதவைத் திறந்தார். மூலையிலிருந்த அடுப்பைக் காட்டினார். "அங்க என்ன கொதிக்கி?"

"வச்சிரச் சட்டி."

"எம்புட்டு நேரம் கொதிக்கும்?"

"பகல் பூரா."

வாசலிலிருந்து மதினி சொன்னார்: "கொழுந்தனாரு இட்டிலிக் கொப்பரைக்குள்ள உக்காந்து வேல பாக்காரு. மூடி வேர்க்காம என்ன செய்யும்!"

ராவுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குளிர்ந்த தகட்டில் பட்ட ஆவி நீராகும் என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டு எழுதி, நல்ல மார்க்கு வாங்கியவன் நான். பகலெல்லாம் ஆவியைக் கிளப்பிவிட்டு, அது வெளியேறும் வழியையும் அடைத்துவிட்டு, பனியில் குளிர்ந்த தகரத்தைத் திருடன் என்றிருக்கிறேன்!

"நாலு பேரு முன்னால சொன்னீரு. அங்கயே வந்து மாத்திச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு ராவுத்தர் கிளம்பினார்.

கடப்பாரையை எடுத்தேன். அடைத்த களிமண்ணையெல்லாம் இடித்துத் தள்ளினேன். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் போயிற்று. அடுப்பை முற்றத்துக்கு மாற்றினேன். தகரத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு ஓலைத் தட்டி கட்டினேன். வெள்ளி வரை மெழுகுவதில்லை என்று மதினியும் பெரிய மனது பண்ணினார். தரை காய்ந்த பிறகு, மூன்றாம் முறையாகத் துருத்தியை ஒட்டினேன்.

வியாழக்கிழமை காலையில் பலகை காய்ந்து கிடந்தது. மடிப்புகள் அப்படியே நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தகரத்தில் குற்றமில்லை, புத்தி கெட்டது நான்தான் என்று ராவுத்தர் கடையில் முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லும் தம்பி. அன்னைக்கு எம்புட்டுச் சத்தமாச் சொன்னீரு!"

சத்தமாகச் சொன்னேன். கடை முழுக்கச் சிரித்தது.

அந்த ஆத்திரம் அடங்காமலே திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது, காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பித்தளை ரீடுகளில் ஒன்றின் நாக்கு முழுவதும், பட்டறை ஈரத்தில் ஏறிய பச்சைக் களிம்பு. பொறுமையாகத் துடைக்க வேண்டியதை அரத்தால் வறக் வறக்கென்று தேய்த்தேன். நாக்கின் நுனி மெலிந்தது. சுருதி ஏறிவிட்டது. மாற்று ரீடுக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும், அதற்கு நாளில்லை.

வெள்ளிக்கிழமை ஆர்மோனியக்காரர் வந்தார். துருத்தியை மிதமாக அழுத்தி, மடிப்பில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். காற்றுக் கசியவில்லை. முகம் மலர்ந்தது. பிறகு வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவர் நான் கெடுத்த ரீடின் கட்டையில் நின்றார். திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தார்.

"ராசபார்ட்டுக்காரரு பாடுறதே இந்தக் கட்டையிலதான் தம்பி."

"நான் வாரேன். நானே அவர்ட்ட சொல்லுதேன்" என்று பெட்டியைத் தூக்கினேன்.

அந்த நடிகர் அரிதாரம் பூசிக்கொண்டே என்னை ஏசினார். என் படிப்பு, பட்டறை, வம்சம் ஒன்றையும் விடவில்லை. எனக்கும் வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏசி முடித்ததும், அந்தக் கட்டையை விட்டு அரைக்கட்டை இறக்கிப் பாடுவதாகச் சொன்னார். ஆர்மோனியக்காரருக்கு வேலை போகாமல் தப்பியது. அந்தப் பெட்டி மட்டும் பிறகு என் பட்டறைப் பக்கம் வரவே இல்லை.