மலைக்கு எதிர்ப்பக்கம் மிதித்த மத்தியானம்

வியர்வை காய்ந்து, சட்டை முதுகில் உப்பு கோடு கோடாகப் பூத்து மொடமொடவென்று நிற்கும்... மைசூரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து ஹனூர் வந்து சேரும்போது எங்கள் எல்லோருக்கும் அதுதான் யூனிஃபார்ம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்த ஆறு பேர் நாங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, விடியற்காலை நாலு மணிக்கு, கியர் இல்லாத சைக்கிளில் மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்புவோம். சாயங்காலம் ஆறு மணிக்குள் மேலே இருக்க வேண்டும். முடியாதவன் சைக்கிளை பஸ் டாப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

நானும் சித்தராஜுவும் இரண்டு தடவை அப்படித் திரும்பி, வருஷம் முழுக்க கேன்டீனில் கிண்டல் வாங்கியவர்கள். மூன்றாவது தடவை ஏறியே தீருவது என்று இருவருக்கும் வீம்பு.

ஹனூரில் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் தூக்கம். படுக்கும் முன் சைக்கிளை மலையைப் பார்த்து நிறுத்திவிட வேண்டும். சிரிக்காதீர்கள்... அந்த அசதியில் எழுந்தால் சொந்தப் பேரே ஞாபகம் வராது. முன்சக்கரம் காட்டுகிற பக்கம் மிதிப்போம், அவ்வளவுதான்.

அன்று கண் விழித்தால் ஒருத்தரையும் காணோம். ஐயோ, விட்டுட்டுப் போயிட்டாங்களே! ஏறி மிதித்தேன்.

சைக்கிள் என்னவோ லேசாக ஓடியது. வழியில் ஒரு கல்யாணப் பந்தல். காலையிலும் இப்படி ஒன்று பார்த்தோமே, நல்ல முகூர்த்த நாள் போல என்று நினைத்துக்கொண்டேன். முதுகில் அடிக்க வேண்டிய வெயில் மூஞ்சியில் அடித்தது. அதுவும் உறைக்கவில்லை. மலையை மட்டும் காணோம். எங்கே போய்த் தொலைந்தது?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"மலைக்குங்களா? மலை உங்க முதுகுப் பக்கமில்லீங்க இருக்குது! இப்படியே போனா கொள்ளேகாலுங்க."

தலை சுற்றியது. திருப்பிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தால், எதிரே சித்தராஜு! யார் சரியான பக்கம் போகிறோம் என்று மறுபடியும் குழம்பிவிட்டேன்.

"நீ எங்கடா போறே?"

"உன்னத் தேடித்தான் குரு! உன் டயர்ல காத்தே இல்ல. வண்டியத் திருப்பி வெச்சு அடிச்சேன். பம்ப்பைக் கடையில கொடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆளக் காணோம்!"

மணியைப் பார்த்தோம். இனி நடக்காது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீயாவது மேல போயிருக்கலாம் இல்லடா?"

"உன்னக் காணோமே. அப்புறம் எப்படிப் போறது?"

பஸ் டாப்பில் இரண்டு சைக்கிளும் ஊர் திரும்பின. அடுத்த வருஷமே சித்தராஜுவுக்கு முட்டி வலி. அதோடு அவன் சைக்கிளை விட்டுவிட்டான்.

இப்போது என்னிடம் கியர் சைக்கிள், வழி சொல்ல போன், இதயத்துடிப்பைக் காட்ட வாட்ச். போன மாதம் ஒருவழியாக மலை ஏறிவிட்டேன், ஐந்தரை மணிக்கே. ஏறும்போது ஒரு வளைவில், இப்போதைய எங்கள் சைக்கிள் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த பேங்க் ஆபீசர் சைக்கிளைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றிருந்தார். யாரும் பிரேக் பிடிக்கவில்லை. நானும்தான். ஏன் என்று யோசிக்கிறேன்... புரியவே இல்லை. அவர் பஸ்ஸில் திரும்பியது அப்புறம் வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது.

சித்தராஜுவுக்கு போன் பண்ணி, "ஏறிட்டேன்டா" என்றேன். சந்தோஷத்தில் கத்தினான்.

"கூட வந்தவங்க எல்லாரும் ஏறினாங்களா குரு?"

"ஏறினாங்கடா" என்றேன்.