வரி கட்டுகிறவன்

மாமியார் இறந்த பிறகு மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நானும் என் மனைவியும் அயனம்பாக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்கே குடிபோனோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டுகிறவன். படிப்பு அஞ்சாவதோடு நின்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

தெருமுனை டீக்கடையில் ஒருவன், "இன்னா அண்ணாத்தே, ஊட்டோட மாப்ளை ஆயிட்ட போல. வாடகை மிச்சம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மாமனார் எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். அன்று சாப்பிடும்போது, "மாப்ளே, இனிமே ஊட்டு வரிய நீ கட்டு. வரி கட்டுறவன இவனுங்க இன்னா பேசுவானுங்க?" என்றார். அவரிடம் பணம் இல்லாமல் இல்லை.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானும் மனைவியும் வரி ஆபீசுக்குக் கட்டப் போவோம். தேய்த்த புடவை கட்டிக்கொள்வாள். கவுண்டரில் அவள் பேசுவாள், நான் பணத்தை நீட்டுவேன். எதிர்க்கடையில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். "நமக்கு இதான்யா டூரு" என்பாள்.

மாமனார் போன பிறகு பாகம் பிரித்தார்கள். அவள் தம்பிக்கு மனை, அவளுக்கு வீடு. ரசீது அவள் பேருக்கு வந்தது. "பேரு என்னுது, துட்டு உன்னுது. ஊட்டுக்காரம்மா முன்னாடி மரியாதையா நில்லு" என்று கடையில் வைத்தே சொல்லிச் சிரித்தாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. போன மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து அவள் இறந்துபோனாள்.

வரி கட்டும் காலம் வந்ததும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இதுக்குக் கட்டியாச்சு சார். அடுத்த ஆள் வாங்க" என்றாள். யார் கட்டியது என்று கேட்க வாய் வரவில்லை. எதிர்க்கடைப் பக்கம் பார்க்காமல் நடந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மச்சான் முகப்பேரிலிருந்து வந்தான். நல்லவன். அக்கா சாவில் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தவன்.

"நான்தான் போன்லயே கட்டிட்டேன் மாமா. நீ இன்னாத்துக்கு வெயில்ல அலைஞ்சிகினு கீற?"

கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வக்கீலாண்ட கேட்டேன் மாமா. அக்காவுக்குக் கொழந்த இல்லாததால அப்பா ஊடு எனக்குத்தான் திரும்பி வருமாம். உனக்கு வராதாம். சட்டம் அப்டி கீது. அதுக்காவ உன்ன யாரு போவச் சொல்றா? இருக்கற வரைக்கும் இங்கயே இரு. வரியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

வீடு வராது என்றது பெரிதாகப் படவில்லை. அதை என் வீடு என்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை. கடைசியாகச் சொன்னதுதான் உள்ளே இறங்கியது.

"வரிய மட்டும் நான் கட்டறேனே."

"சொந்தக்காரன்தான் மாமா கட்டணும்."

"இருக்கறவன் கட்டக் கூடாதா?"

"உன்னாண்ட வரி வாங்கிகினு உன்ன இங்க வெச்சிருந்தா ஊர்ல இன்னா பேசுவாங்க? எனக்கு அசிங்கம் மாமா."

எனக்கும்தான் என்று சொல்ல நினைத்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவன் அப்பா சொன்னது அவனுக்குத் தெரியாது. தெரிந்தது மூன்று பேருக்கு. அதில் நான் மட்டும்தான் மிச்சம். அதை அவனிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த அரையாண்டு தொடங்கிய அன்றே காலையில் போய்க் கவுண்டரில் நின்றேன்.

"நீங்கதான் ஓனரா சார்?"

"இல்லம்மா. அந்த ஊட்ல இருக்கறவன்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பணத்தை வாங்கிக்கொண்டாள். ரசீதில் மனைவி பேர் இருந்த இடத்தில் மச்சான் பேர் இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றும் எதிர்க்கடைக்குள் போகவில்லை.

சாயங்காலம் மச்சானிடமிருந்து போன் வந்தது. அவனுக்குத் தகவல் போயிருக்கும்போல.

"இன்னா மாமா நீ" என்றான். சட்டைப்பையில் இருந்த ரசீதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"செரி. சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.