குறையாத ஆயில்

ஐம்பதுகளில் போடியில் மோட்டார் ஆயில் கடை வைத்திருந்தேன். மலைமேல் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் தனியாகக் குடியிருந்த மேனேஜர் ஒருவர் வாரம் தவறாமல் கடைக்கு வருவார். போடி வெயிலிலும் கம்பளிக் குல்லாயைக் கழற்றமாட்டார். அவருடையது எந்தத் துரையோ ஓட்டித் தேய்த்துவிட்டுப் போன கார். பின்னால் புகை மண்டும். வந்ததும் இன்ஜினிலிருந்து ஆயில் அளவுக்கம்பியை உருவி, தன் துண்டிலேயே துடைத்து, மறுபடி விட்டெடுத்து, டாக்டரிடம் நாக்கை நீட்டுவதுபோல் என்னிடம் நீட்டுவார். ஆயில் கம்பியின் அடிநுனியில்தான் கிடக்கும். வழக்கமான முப்பது நம்பர் ஆயிலை ஊற்றச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, ஓடித் தேஞ்ச இன்ஜின்ல இந்தத் தண்ணி ஆயில் நிக்குமா? பூராம் புகையாத்தான் போகும். கெட்டியா அம்பது நம்பர் ஊத்துறேன், பாருங்க” என்றேன். சரியென்று தலையை ஆட்டினார். ஊற்றி அனுப்பினேன்.

அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் ஆளையே காணோம். திரும்ப வந்தபோது காரில் புகையில்லை. கம்பியை நீட்டினார். ஆயில் மேல் கோட்டிலேயே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பழைய ஆயிலையே ஊத்திரு அப்பு” என்றார். “இது கொறையவே மாட்டேங்குது. கீழ எறங்கி வர ஒரு சோலியும் இல்லாமப் போச்சு.”

காருக்கடியில் தகர டப்பாவை வைத்து, ஆயில் வடிக்கும் அடி நட்டைக் கழற்றினேன். நல்ல ஆயில் இறங்கத் தொடங்கியது.

“வெரசா முடிஞ்சிரும்ணே” என்றேன்.

அவர் உட்கார்ந்து, குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“மெல்ல வடியட்டும் அப்பு.”