கம்பியில்லாத பல்பு

சின்ன மாமாவுக்குப் பெண் கிடைத்தது ஒரு பல்பினால்தான் என்று நான் இன்றும் சொல்வேன். அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் தேயிலை மலைக்கு மேலாக மின்சார டவர்கள் வந்த காலம் அது. கீழே ஓடையை மறித்து அணைக்கட்டுக்குத் திருப்பியிருந்தார்கள். நாங்கள் குளித்த இடத்தில் கணுக்கால் நனைவதே பெரும்பாடு. டவருக்கு இரும்பு சுமந்த மாமாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. “டவரே வந்துருச்சு, கரண்டு வராம எங்க போகும்?” என்று ஹட்டனில் ஒரு பல்பை வாங்கி வந்து, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து அறையின் உத்தரத்தில் சணல் கயிற்றால் தொங்கவிட்டார். மறுநாள் நோர்வூட் பக்கத்துப் பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. கோயிலில் பார்த்த நாளிலிருந்து மாமாவுக்கு அந்தப் பெண் என்றால் உயிர்.

“இருட்டுறதுக்குள்ள அனுப்பிரணும்க்கா” என்று அம்மாவிடம் சொல்லிவைத்தார். தான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைத்தது. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மூடுபனி இறங்கி அறை இருண்டுவிட்டது.

“லைட்டப் போடுங்களேன்” என்றார் பெண்ணின் அப்பா, பல்பை அண்ணாந்து பார்த்தபடி.

யாரும் அசையவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காப்பாற்றுவதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன்.

“கரண்டு இன்னும் வரலங்க. டவர் முன்னால வந்துருச்சு, கரண்டு பின்னால நடந்து வருது.”

அம்மா என் தொடையைக் கிள்ளினார். பெண்ணின் அப்பாவோ சிரிக்கக்கூட இல்லை. “எங்க தோட்டத்துலயும் டவர் போட்டுட்டாங்க பாப்பா. வந்துரும்” என்றார். அம்மா குப்பி விளக்கை ஏற்றினார். அந்த வெளிச்சத்திலேயே கல்யாணப் பேச்சு முடிந்தது.

பரிசம் போட நாங்கள் போனபோது அவர்கள் வீட்டு உத்தரத்திலும் ஒரு பல்பு தொங்கியது, எங்களுடையதைவிடப் பெரிதாக. பெண் வீட்டார் விட்டுக்கொடுப்பார்களா? பெரியவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காதவர்களாக வெற்றிலை மடித்தார்கள். மாமாவும் அத்தையும் மட்டும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பல்புகளும் எங்கள் லயத்தில் அருகருகே தொங்கின. தீபாவளிக்குத் தீபாவளி அத்தை அவற்றைத் துடைத்துவைப்பார். மாலையில் நான் டவரடிக்கு ஓடிப்போய்க் காதைக் கொடுப்பேன். மேலே கம்பிகள் இரைந்துகொண்டிருக்கும். ஓடிவந்து, “மாமா, வந்துகிட்டே இருக்கு!” என்பேன். மாமா என் தலையைத் தடவுவார்.

எங்கள் ஓடைத் தண்ணீரில் எடுத்த கரண்டு எங்கள் தலைக்கு மேலாகவே கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. மாமாவுக்குத் தெரிந்திருந்தது.