கருடனுக்கு வைத்த எண்ணெய்

அம்மாக்கண்ணுவின் மடியில் தலை வைக்காத பிள்ளை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிடையாது. பிள்ளைகள் என்ன, பெரியவர்களும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும்; கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலை முடித்துக்கொண்டும், சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சை முடித்துக்கொண்டும், சீப்பும் கையுமாக அவள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி, கற்பூரத்தை நுணுக்கிப் போட்டு, தலை நனைய ஊற்றித் துணியால் கட்டி, பிறகு அவிழ்த்து வாரினால் பேன் என்ன, ஈரு என்ன, ஒன்று மிஞ்சாது. ரிங்லெட் டவுனிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். பார்மசி ஷாம்பூவைப் பற்றி அவளிடம் புகழ்ந்து பேசிவிட்டு யாரும் திட்டு வாங்காமல் போனதில்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் கொழுந்து எடுக்கிற மலையில் பெண்கள் அவள் காதுபடவே ஜாடை பேசினார்கள். கணவன் சுகுமாரன் கொழுந்து லோரி ஓட்டுகிறவன், நல்ல மனுஷன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் ஊர் வாயை அவன் எப்படி மூடுவான்? பிறகு ஒருநாள் எவளோ ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துவந்து, "இதுக்கு ஒரே பேனா இருக்கு, கொஞ்சம் பாரேன்" என்று அவள் மடியில் சாய்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்த மடி காலியாக இருந்ததில்லை.

"என் கை பட்டா பேனுக்குச் சாவுதான்லா" என்று பெருமையடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டால் என்ன? பொய்யா சொன்னாள்?

ஒருநாள் ஒரு பறவை விழுந்து கிடந்ததைப் பார்த்தது அவளும் பக்கத்து வீட்டுக் கத்தரீனும்தான். வேலை முடிந்து இறங்கி வரும்போது, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் ரெக்கையை விரித்தபடி கிடந்தது. நல்ல பெரிய பறவை. தவிட்டு நிறம், தலையில் கொண்டை, மஞ்சள் கண். அம்மாக்கண்ணு கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, கருடன்!"

"உங்க சாமியோ எங்க சாமியோ, தூக்கிட்டுப் போலாம் வாங்கக்கா. நாய் வந்துரும்" என்றாள் கத்தரீன். மழைக்கோட்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தாள் அம்மாக்கண்ணு. அது திமிரவே இல்லை.

சுகுமாரன் குனிந்து பார்த்தான். "கருடன்னா கழுத்து வெள்ளையா இருக்கணும்லா. இது பாம்பு தின்னுற பருந்து."

"வாயைக் கழுவுங்க மொதல்ல. வீடு தேடி வந்திருக்கு, கழுத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு!"

சுகுமாரன் சிரித்துக்கொண்டே வனவிலங்கு இலாகாவுக்கு போன் போட்டான். பேசியவர் ஹரோல்ட் என்ற தமிழ் ஆபீசர். போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. அம்மாக்கண்ணுவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அட்டைப்பெட்டியில வெச்சு மூடி, இருட்டா, கதகதப்பா வெச்சிருங்கண்ணே. தொடாதீங்க, ஒன்னும் செய்யாதீங்க. காலையில வந்து எடுத்துக்கறேன்."

சொன்னபடியே வைத்தார்கள். ஆனால் அம்மாக்கண்ணுவால் சும்மா இருக்க முடிந்தால்தானே! மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. கண் ஓரத்தில், கழுத்து மயிரில், ரெக்கை அடியில், எங்கே பார்த்தாலும் பேன். பேன் மட்டுமா? தட்டையாக ஒரு ஈ, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடி இறகுக்குள் புகுந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்னாங்க, இங்க வந்து பாருங்களேன். இத்தனையும் ரத்தத்தை உறிஞ்சினா அது எப்படிப் பறக்கும்? பேன் புடுங்கியே விழுந்திருக்கு பாவம்."

"ஆபீசரு தொடக்கூடாதுன்னாரு."

"அவருக்கென்ன, அவரா கடி வாங்குறாரு?"

"செய், செய். சடையும் பின்னி, ரிப்பனும் கட்டி வுடு" என்று கேலி செய்துவிட்டு அவன் லோரியைக் கழுவப் போய்விட்டான். அவன் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவள் கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

அடுப்பில் எண்ணெய் சூடானது. கற்பூரம் கரைந்தது. பறவையின் காலைத் துண்டில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு, வெதுவெதுப்பாக எண்ணெயைத் தலையிலிருந்து வால் வரைக்கும் தடவினாள். ஒரு இறகு விடவில்லை. பேன்கள் எண்ணெயில் மிதந்து வந்தன; துடைத்துத் துடைத்துப் பேப்பரில் போட்டாள். கத்தரீன் எட்டிப் பார்த்து, "யக்கா, உங்க கைராசியே கைராசி" என்றாள்.

"பாரு, எப்படி ஆடாம அசையாம காட்டுதுன்னு. சொகமா இருக்குடி அதுக்கு."

அதற்குத் திமிர சக்தி இல்லை. அவளுக்கு அது சுகமாகத் தெரிந்தது. அந்த மஞ்சள் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "அவ்ளோதான் தங்கம், முடிஞ்சிருச்சு" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுபோலவே அதனிடமும் சொன்னாள். சாயந்திரம் பனி இறங்கி, தூறலும் பிடித்துக்கொண்டது. தன் பழைய ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் போர்த்திவிட்டு, சந்தோஷமாகப் போய்ப் படுத்தாள்.

காலையில் மூடியைத் தூக்கினாள். ஸ்வெட்டரின் மேலிருந்து அந்தத் தட்டை ஈ அவள் மணிக்கட்டில் ஏறி ஓடியது. ஒன்று, பின்னால் இன்னொன்று. தலையைத் தொட்டுப் பார்க்காமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உயிர் போன உடம்பிலிருந்து பேன் இறங்குவதைத் தன் அம்மா செத்தபோதே பார்த்தவள் அவள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹரோல்ட் சொன்ன நேரத்துக்கு வந்தார். சின்ன வயசுதான். ஸ்வெட்டரை விலக்கி இறகைத் தொட்டவர், விரலை முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய் யாரு போட்டது?"

சுகுமாரன் மனைவியைப் பார்த்தான். சேதி கேட்டு வந்து நின்ற கத்தரீன் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் தம்பி. மேலெல்லாம் பேனு. அதான்..."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

"பேனு எல்லாப் பருந்து மேலயும் இருக்கும்கா. பாதிக்கு மேல ரத்தம்கூட குடிக்காது, இறகைத்தான் அரிக்கும். நல்லா இருக்கறப்ப பறவையே கோதி எடுத்துரும். முடியாமப் போனாத்தான் பேனு பெருகும். இது தீனி கெடைக்காம எளைச்சு விழுந்திருக்கு, நெஞ்செலும்பைப் பாருங்க. பேனால விழல."

"அப்ப செத்தது?"

"குளிருலக்கா. இறகுதான் அதுக்குப் போர்வை. எண்ணெய் பட்டா ஒட்டிக்கும், குளிரு நேரா உடம்புல எறங்கிரும். இந்த மலைக் குளிரு தாங்குமா?"

"நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி..."

"ஒன்னும் செய்யாதீங்கன்னு சொன்னேனேக்கா" என்றார் மெதுவாக.

சொல்லத்தான் சொன்னார். அவளும் கேட்கத்தான் கேட்டாள். அவர் பறவையைப் பையில் போட்டுக்கொண்டு போனார். தானா ராத்தா டவுனுக்குப் போகிற வளைவில் அவர் கார் மறைகிற வரைக்கும் அவள் வாசலிலேயே நின்றாள். அன்று முழுக்கச் சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் கற்பூர வாசனை போகவில்லை. சுகுமாரன் ஆறுதலாக என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். "நீங்க சும்மா இருங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச் முடிந்து கத்தரீன் சீப்போடு வந்தாள். பழைய மாதிரி இருந்தால் அக்கா தேறிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கொண்டையை அவிழ்த்து, கேட்காமலேயே மடியில் தலை சாய்த்தாள். அம்மாக்கண்ணு வெகுநேரம் கையைத் தூக்கவில்லை. பிறகு உள்ளங்கையைக் கத்தரீனின் உச்சந்தலையில் வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்ப்பவள்போல அப்படியே வைத்திருந்தாள். விரலால் வகிடு பிரித்து, வெறும் தலையிலேயே ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள்.

"என்னக்கா, எண்ணெய் வெக்கலையா?"

வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"வேணாம்டி" என்றாள் அம்மாக்கண்ணு. "குளுரும்."