விரத வீட்டில் நூடுல்ஸ் சூப்

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நூடுல்ஸ் பாக்கெட்டின் முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தடிக்கிறவன் மீது முதல் கோபம். அதைப் படிக்காமல் கிழித்துக் கொட்டிய என் மீது இரண்டாவது. முதல் ஆளைத் திட்டுவதுதான் வசதி, திருப்பித் திட்ட மாட்டான்.

முழங்கால் ஜவ்வு கிழிந்து நான் வேலைக்குப் போகாமல் கிடந்தபோது, எழுந்து நடந்தால் ஆடிக் கிருத்திகைக்கு முருகன் மலைக்குப் பூக்காவடி எடுப்பதாக மனைவி வேண்டிக்கொண்டாள். நடந்தேன். அவள் மாலை போட்டுக்கொண்டாள். மாலை போட்ட வீட்டில் வெங்காயம், பூண்டு வாசல் தாண்டக் கூடாது. இருந்ததையெல்லாம் கூடையோடு பக்கத்து வீட்டில் கொடுத்தவன் நானே. அவ்வளவு ஆசாரம்.

கிருத்திகைக்கு முதல் நாள் பகல் முழுக்க அவள் பட்டினி. பொழுது சாய்ந்த பிறகு ஒருவேளைதான் சாப்பாடு. அரக்கோணத்துத் துணிக்கடையில் நின்றே வேலை பார்த்துவிட்டு ரயிலில் வருவாள். அவள் ஒருத்தி சம்பளத்தில் வீடு ஓடியதால் அடுப்பு என் பொறுப்பு. காவடிக்காக ஆர்.கே.பேட்டையிலிருந்து அவள் தம்பி, என் மச்சான் வேறு வந்திருந்தான். இரண்டு சின்ன நூடுல்ஸ் பாக்கெட், மூன்று வயிறு.

தண்ணீரை இரண்டு மடங்காக ஊற்றினேன். அரைக் கேரட், ஒரு தக்காளி, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, தட்டிய மிளகு சீரகம். கீரை வெந்ததும் நூடுல்ஸை நொறுக்கிப் போட்டு, மசாலாவை உதறினேன். தெரு வரைக்கும் வாசனை.

“வெங்காயமே இல்லாம இந்த வாசனை எவனால வரவைக்க முடியும்?” என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டேன்.

அவள் வந்து குளித்து, விளக்கேற்றி, ஒரு டம்ளர் குடித்தாள். “நல்லாகீதுங்க” என்றாள்.

மச்சான் காலி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். “பாவா, இதுல இன்னா எழுதிகீது பாரு” என்று மெதுவாகச் சொன்னான்.

கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். உப்பு, மிளகாய், வெங்காயத் தூள், பூண்டுத் தூள்.

பாக்கெட்டைச் சட்டைக்குள் திணித்தேன். ஒரு வருஷ வேண்டுதல் ஒரு டம்ளரில் போயிற்று. மச்சானை அடுப்படிக்கு இழுத்துப் போனேன்.

“தூள்தானேடா. காஞ்சி போனா அது கணக்குல வராது.”

“ஆங். இத மேல போயி முருகன்கிட்டச் சொல்லு பாவா, சிரிச்சிக்குவாரு.”

மனைவி எட்டிப் பார்த்தாள். “சட்டைக்குள்ள இன்னா கரகரங்குது?”

“நெஞ்சு வலி.”

“நெஞ்சு எங்கியாவது பாக்கெட் சத்தம் போடுமா? எடுங்க.”

கொடுத்தேன். படித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தி நானும் ஆறியிருப்பேன். பின்கட்டுக்குப் போய்த் தலையோடு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத்தோடு வந்து நின்றாள்.

“நான் தெரியாம குடிச்சேன், சாமி பொறுத்துக்கும். நீங்க படிக்காம போட்டீங்க, அத நான் பொறுக்க மாட்டேன். நாளைக்கு நான் காவடி எடுத்துகினு ஏறுவேன். நீங்க வெறும் வயித்தோட பின்னாலயே வரணும்.”

“முட்டிக்காகத்தான் நான் பஸ்ல மேல வரலாம்னு…”

“எந்த முட்டிக்காக நான் மாலை போட்டேன்?”

மறுநாள் முந்நூற்று அறுபத்தைந்து படி. மஞ்சள் துணிக் கூட்டத்தில், படிக்கு ஒரு வசவாக அந்தப் பாக்கெட்காரனைத் திட்டிக்கொண்டே ஏறினேன். அரோகரா சத்தத்தில் என் வாயசைவைப் பார்த்தவர்கள் பெரிய பக்தன் என்று நினைத்து வழிவிட்டார்கள். மச்சான் மட்டும் பின்னாலிருந்து, “சத்தமா சொல்லு பாவா, புண்ணியம்” என்றான்.

மேலே காவடியை இறக்கிவிட்டுத் திரும்பியவள் என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப வேண்டுதல் செல்லும்” என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றாள்.

உயிர் போகிற வலி. அந்த எழுத்தடித்தவனையும் கூடவே படியேற்றியிருக்க வேண்டும்.